வெண்கட்டிச் சித்திரகாரர்

வெண்கட்டி ஆசிரிய குலத்தின் ஆயுதம். முப்பது ஆண்டுக்கு மேலாக அதனைக் கையிற் பிடித்து, எழுதியும் அழித்தும் வருபவன் யான். அந்த வெண்கட்டி ஒன்றினாலேயே உலகப் புகழ் எய்திய ஒருவர் இருந்தார் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். அறிவித்தவன் என் மாணாக்கன். அவனும் தான் அறிவிப்பதை அறியாமலே அறிவித்தான்.

சில ஆண்டுகளின் முன் டிசெம்பர் முதலாந் திகதியாகிய உலக எயிட்ஸ் தினத்துக்கு ஓர் அறிவித்தல் எழுதும் பணி என் தலையில் விழுந்தது. தமிழ்ப் பண்டிதன் அல்லவா! யானும் நல்ல செந்தமிழில், எதுகை மோனை குன்றாமல், பெரிய தாள் ஒன்று நிரம்ப எழுதினேன். நோயின் பெயரை ஒரே முறை எழுதினேன். அது பரவும் வழியைச் சொல்லவேண்டிய இடத்தில் ஒழுக்கத்தின் உயர்வைப் பற்றி எட்டு வரி எழுதினேன். வாயிலருகே அது ஒரு வாரம் தொங்கிற்று. நின்று வாசித்த ஒருவரையேனும் யான் கண்டதில்லை.

அதே வாரத்தில் மாலை வகுப்புக்கு வந்த மாணவன் ஒருவன் அணிந்திருந்த ரீசேட்டின் மார்பிலே ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அதனைச் சுற்றிக் கதிர்கள். தடித்த கோடு, முகமில்லை, நிழலில்லை. கண்டவர் கண்ணை விட்டு அகலாத உரு. வரைந்தவர் யார் என்று கேட்டேன். தெரியாது ஐயா என்றான்; கொழும்பிலே வாங்கினானாம். அவனுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. தேடத் தொடங்கினேன்.

வரைந்தவர் கீத் ஹேரிங் என்னும் அமெரிக்கர். எந்த நோயைப் பற்றி யான் எழுதி எவரும் படியாது போயினரோ, அந்த நோயினாலேயே 31 வயதில் மாண்டவர். மாளுமுன் அந்நோயைப் பற்றி இளையோருக்குச் சொல்வதற்குத் தம் கோடுகளையெல்லாம் கொடுத்தவர்.

ஹேரிங் 1958ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி பென்சில்வேனியா மாநிலத்து ரெடிங் நகரிலே பிறந்தார். வளர்ந்தது கட்ஸ்ரவுண் என்னும் சிற்றூரில். தந்தையார் அலன் ஹேரிங் தொழிலாற் பொறியியல் துறையினர். விருப்பத்தாற் கேலிச் சித்திரம் வரைபவர். தங்கையர் மூவருக்கு மூத்தவராகிய கீத், தந்தையார் மடியிலிருந்தே கோடிழுக்கப் பழகினார். வால்ற் டிஸ்னியின் சித்திரங்களும், டொக்டர் சூஸ் எழுதிய சிறுவர் நூல்களுமே அவருக்கு அரிவரி. பிற்காலத்தில் அவருடைய ஓவியங்களைக் கண்ட பெரியோர் சிலர் இது சிறுபிள்ளை வேலை என்றனர். அது வசை என்றே அவர்கள் எண்ணினர் போலும்.

1976இல் உயர்பாடசாலை முடித்துப் பிற்ஸ்பேர்க் நகரில் விளம்பரக் கலை கற்கச் சென்றார். பிறர் சரக்கை விற்பதற்குப் படம் வரைவதில் மனஞ் செல்லவில்லை, இடையில் விட்டார். 1978இல் நியூயோர்க் சென்று அங்குள்ள கட்புலக் கலைக் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நாளைய நியூயோர்க்கின் சுரங்கப் புகையிரதங்களிலும் சுவர்களிலும் ஏழை இளைஞர் வர்ணந் தெளித்துத் தம் பெயர்களை எழுதி வந்தனர். அதனைக் குற்றமென்று நகரம் கருதியது. இவரோ, காட்சிசாலைக்குள் நுழையாத மக்களுடன் பேசுகின்ற கலை அஃதென்று கண்டார்.

1980இல் ஒரு நாள், சுரங்க நிலையம் ஒன்றிலே, காலங் கடந்த விளம்பரத்தை மறைப்பதற்குக் கரிய தாள் ஒட்டியிருக்கக் கண்டார். அது அவர் கண்ணுக்குக் கரும்பலகையாகத் தோன்றிற்று. மேலேறிச் சென்று, கடையொன்றில் வெண்கட்டி வாங்கி வந்து வரைந்தார். இது நடந்த பின் ஐந்தாண்டு காலம் அவர் அந்தச் சுரங்கங்களை விடவில்லை. சில நாள்களில் நாற்பது சித்திரம் வரையும் வரைந்தார் என்பர்.

வெண்கட்டியால் எழுதுபவர் எல்லாரும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பிழைபட்டால் அழிக்கிறோம். அவருக்கு அழிக்க நேரமில்லை. அடுத்த வண்டி வருமுன், பொலிஸ்காரர் வருமுன், ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். ஆதலால் மிகையெல்லாம் உதிர்ந்து, கோடு ஒன்றே எஞ்சிற்று. கதிர்வீசுங் குழந்தை, குரைக்கும் நாய், கூத்தாடும் மனிதர் ஆகிய இவையே அவருடைய நெடுங்கணக்கு. பலமுறை பிடிபட்டார், தண்டமுங் கட்டினார். வழிப்போக்கர் நின்று இதன் கருத்து யாது என வினாவினால், விளக்கம் சொல்லாமல் குழந்தை உரு பொறித்த சிறு சட்டைச்சின்னம் ஒன்றைக் கையிற் கொடுத்துவிடுவார். புகழ் வளர, தாள்களைக் கிழித்துக்கொண்டுபோய் விற்பவர் பெருகினர். அதன் மேல் அவ்வேலையை நிறுத்தினார்.

வெண்கட்டியோடு அவர் நின்றுவிடவில்லை. 1982இல் நியூயோர்க்கின் ரைம்ஸ் சதுக்கத்திலுள்ள மாபெரும் மின்விளக்குப் பலகையிலே தம் உருக்களை அசைந்தாட விட்டார். அவ்வாண்டில் அணுவாயுதத்துக்கு எதிரான பேரணிக்கு 20,000 சுவரொட்டிகளைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவ்வாண்டிலேயே ரோனி ஷஃப்ராசியின் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சி அவரைப் பெரும் விலைக்கு உரியவராக்கிற்று. 1986இல் லபாயெற் வீதியில் ஒரு கடை திறந்தார். சட்டையும் சின்னமும் படமும் சிறு காசுக்கு விற்கும் கடை. கலையை அங்காடிச் சரக்காக்கினார் என்று விமரிசகர் தூற்றினர். யானும் முதலில் அவ்வாறே எண்ணியவன். ஆனால் பெரும் பணம் படைத்தவனே வாங்கத்தக்க ஓவியத்தைப் பள்ளிச் சிறுவனும் மார்பில் அணியச் செய்ததிற் குற்றம் யாது? அந்தக் கடை வழியாக வந்த பழக்கமன்றோ என் வகுப்பறை வரையும் வந்தது!

இனி நோயின் கதை. 1981ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு வந்த அரிய நுரையீரல் நோயைப் பற்றி அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் ஒரு குறிப்பு வெளியிட்டது. எயிட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. 1983இல் பாரிஸ் பாஸ்ரர் நிலையத்தார் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டனர். பாதுகாப்பற்ற உடலுறவு, நோயுற்ற குருதி, பலர் பகிரும் ஊசி, கருவுற்ற தாய் அல்லது பாலூட்டுந் தாயிடமிருந்து குழந்தை. அது பரவும் வழிகள் இவை. கைகுலுக்கினால் பரவாது; உடனிருந்து உண்டாற் பரவாது. இவ்வளவுதான் செய்தி. இதனைச் சொல்ல எவரும் முன்வரவில்லை. நோயுற்றவருட் பலர் தன்பாலினரை விரும்பும் ஆடவராயும், ஊசியிற் போதைமருந்து ஏற்றுவோராயும் இருந்தமையால், அவர்கள் வினை அவர்களைச் சேர்ந்தது என்று நாடு வாளாவிருந்தது. ஜனாதிபதி றீகன் இதனைப் பற்றித் தமது முதற் பேருரையை நிகழ்த்தியது 1987இலே. அதற்குள் ஆயிரமாயிரவர் இறந்தொழிந்தனர்.

ஹேரிங் தன்பாலினரை விரும்பும் இயல்பினர். அதனை அவர் மறைத்ததில்லை. நண்பரை ஒருவர்பின் ஒருவராக இழந்தார். துணைவராய் உடன் வாழ்ந்த ஒருவரையும் இழந்தார். தம் கதியும் அதுவாகலாம் என்பதை உணர்ந்தே இருந்தார். பாதுகாப்பான உறவைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் அக்காலத்தில் அவர் வரைந்த சித்திரங்கள் சிலவற்றை இங்கே விவரிக்க என் பேனை கூசுகிறது. அவர் கை கூசவில்லை. நகைச்சுவை ததும்ப வரைந்தார். அறிவுரை என்றாலே முகந்திருப்பும் பதினெட்டு வயதினன், சிரிப்பதற்காகவேனும் நின்று பார்ப்பான் அல்லவா?

1988இல் அவருக்கு எயிட்ஸ் என்பது உறுதியாயிற்று. அந்நாளில் மருந்து என்று இருந்தது, முந்திய ஆண்டில் அங்கீகாரம் பெற்ற ஏ.சற்.ரி. ஒன்றே, அதுவும் சில காலம் தாமதிக்குமேயன்றித் தீர்க்காது. பல மருந்து சேர்ந்த சிகிச்சை வந்தது 1996இல். இக்காலத்தில் மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் ஏனையோர் போன்றே நெடிது வாழலாம். குருதியிற் கிருமி அளவிடமுடியாதபடி குறைந்துவிட்டால் உறவின் வழியாகப் பிறருக்குத் தொற்றுவதுமில்லை. அவருக்கு அந்த எட்டாண்டு கிடைக்கவில்லை.

எஞ்சியிருந்த காலத்தில் அவர் செய்தவற்றை எண்ணினால் வியப்புண்டாகும். 1989ஆம் ஆண்டு மே மாதத்திற் சிக்காகோ சென்று, ஏறக்குறைய ஐந்நூறு பாடசாலை மாணவரைக் கூட்டி, 480 அடிக்கு மேற்பட்ட நீளமான சித்திரம் ஒன்றை ஆக்கினார். எல்லைக்கோடு அவருடையது, உள்ளே நிறந் தீட்டியவர் மாணவர். ஆசிரியன் எங்கே தொடங்கி எங்கே நிறுத்தவேண்டும் என்பதற்கு இதனிலும் நல்ல பாடம் நான் எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் கற்றதில்லை. அடுத்த மாதம் இத்தாலியின் பீசா நகரம். முன்பு நியூயோர்க் வீதியில் அவரைக் கண்டு அழைத்த ஒரு மாணவனின் முயற்சியால், அந்தோனியார் ஆலயத்தைச் சார்ந்த மடத்தின் பின்சுவரிலே முப்பது உருவங்கள் உயிர்பெற்றன. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம், இளைஞர் விரும்பிப் படிக்கும் றோலிங் ஸ்ரோன் சஞ்சிகையின் நேர்காணலில் தம் நோயை வெளிப்படையாக உலகறியச் சொன்னார். தம் பெயரால் ஓர் அறநிலையமும் நிறுவினார். எயிட்ஸ் பணி செய்வோருக்கும் சிறுவருக்கும் பொருளுதவி செய்வதும், தம் சித்திரங்களை அவர்கள் பயன்படுத்தக் கொடுப்பதும் அதன் நோக்கம். அது இன்றும் நடைபெறுகிறது.

அக்ற் அப் என்னும் இயக்கத்துக்காக அவ்வாண்டில் அவர் ஆக்கிய சுவரொட்டியைக் கண்டபோதே என் உள்ளம் சுட்டது. மூன்று உருவங்கள். ஒருவர் கண்ணை மூடுகிறார், ஒருவர் காதை, ஒருவர் வாயை. அறியாமை அச்சத்துக்கு நிகர் என்பது மேலே உள்ள வாசகத்தின் கருத்து. மௌனம் சாவுக்கு நிகர் என்பது கீழுள்ளதன் கருத்து. பிந்தியது வேறொரு குழுவினர் முன்பே ஆக்கியது. எம்மவருக்கு அம்மூன்று குரங்கும் காந்தியடிகளின் மேசையிலிருந்த பொம்மை. தீயன காணாமை, கேளாமை, பேசாமை ஆகிய நல்லொழுக்கத்தின் உருவம். யான் எத்தனையோ வகுப்பில் அதனை அவ்வாறே படிப்பித்திருக்கிறேன். ஹேரிங் அதனைத் தலைகீழாக்கிக் காட்டினார். காணவேண்டியதைக் காணாதவரும், சொல்லவேண்டியதைச் சொல்லாதவருமே அங்கே நிற்பவர். நோயின் பெயரை ஒரு முறை எழுதிவிட்டு எட்டு வரி ஒழுக்கம் பேசிய தாளை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த டிசெம்பரில் எழுதும் பணியை அந்த ரீசேட் மாணவனிடம் ஒப்படைத்தேன். அவன் நான்கு சித்திரம் வரைந்தான்; பரவும் வழிகளும் பரவாத வழிகளும். ஆணுறையையும் வரைந்திருந்தான். ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. யான் எழுதியது அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திற் குருதிப் பரிசோதனை இலவசம் என்னும் ஒரே வரி.

ஹேரிங் 1990ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி நியூயோர்க்கில் மறைந்தார். சாம்பரைச் சொந்த ஊருக்கு அண்மையிலுள்ள வயலிலே தூவினர்.

பாசிலோனாச் சுவரைப் பற்றிச் சொல்ல மறந்தேன். 1989 பெப்ரவரி 27ஆந் திகதி, ராவல் என்னும் பகுதியில், போதை ஊசிகள் சிதறிக்கிடந்த ஓர் ஒதுக்குப்புறத்தை அவரே தேர்ந்தெடுத்து, சில மணி நேரத்தில் ஒரு நெடுஞ்சுவரை நிரப்பினார். குருதி போன்ற செந்நிறம் ஒன்றே. ஊசியைச் சுற்றிய பாம்பு. அதனைக் கத்தரிக்கோல் போல நின்று துணிக்கும் மனிதர். அனைவரும் ஒன்றுகூடினால் எயிட்ஸைத் தடுக்கலாம் என்று ஸ்பானிய மொழியில் ஒரு வாசகம். சுவர் நெடுநாள் நில்லாது என்பதை அறிந்தே வரைந்தார். அவ்வாறே அதுவும் இடிந்து போயிற்று. ஆயினும் 1992இல் அதனைப் பிரதிசெய்து வைத்திருந்தனர். 2014ஆம் ஆண்டு, சரியாக இருபத்தைந்து ஆண்டின் பின், அதே நிறத்தில், தற்காலக் கலைக் காட்சிசாலையின் அருகே மீட்டுந் தீட்டினர். காட்சிசாலை முன்றிலிலே சில்லுப் பலகைகளில் ஏறி இளைஞர் நாள்தோறும் விளையாடுகிறார்கள்.