மீன்முள் தந்த மேதை

தவறு ஒன்று நேர்ந்துவிட்டால், யார் செய்தது என்பதே நாம் முதலில் கேட்கும் கேள்வி. வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி, ஒருவர் மீது பழி விழுந்ததும் மற்றவர்கள் நிம்மதி அடைகிறோம். ஆனால் அதே தவறு சில நாட்களில் மீண்டும் தலைகாட்டுகிறது! யார் என்று கேட்பதை விட்டு, ஏன் நேர்ந்தது என்று எல்லாரும் கூடியிருந்து கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா. அவரது வாழ்வைச் சிறிது காண்போம்.

இஷிகாவா 1915ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். தொழிலதிபர் இச்சிரோ இஷிகாவாவின் எட்டுப் புதல்வர்களில் மூத்தவர் இவரே. 1939இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையில் பட்டம் பெற்றார். கடற்படையிலும் எரிபொருள் நிறுவனம் ஒன்றிலும் பணியாற்றியபின், 1947இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திற்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அப்போது ஜப்பான் போரினால் நொறுங்கிக் கிடந்தது. ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவானது, விரைவில் கெட்டுப்போவது என்று உலகம் ஏளனம் செய்த காலம் அது. இந்நிலையை மாற்ற முனைந்த விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் ஆய்வுக் குழுவில் 1949இல் இஷிகாவா சேர்ந்தார். பொருளைச் செய்து முடித்தபின் பழுதானதைப் பொறுக்கி எறிவதைவிட, பழுதின் காரணத்தைக் களைவதே மேல் என்பது அவரது உறுதியான எண்ணம்.

காரணத்தைக் காண அவர் அளித்த கருவி மிக எளியது. ஒரு தாளும் பென்சிலும் போதும். வலக்கோடியில் சிக்கலை எழுதுவோம். அது மீனின் தலை. அதை நோக்கி இழுக்கும் நீண்ட கோடு முதுகெலும்பு. அதிலிருந்து சாய்வாகப் பிரியும் பெரிய முட்கள் மனிதர், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை எனும் காரண வகைகள். ஒவ்வொன்றிலும் ஏன், ஏன் என்று கேட்டுச் சிறு முட்களை வரைந்துகொண்டே போகவேண்டும். குழுவில் எவர் சொன்னாலும் எழுதப்படும். ஒருவரையும் எள்ளி நகையாடலாகாது. எழுதியவை எல்லாம் ஐயங்களே. எது உண்மைக் காரணம் என்பதை எண்ணியும் அளந்தும் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

நம் வகுப்பு காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவியின் கவனக்குறைவு என்று எளிதில் சொல்லிவிடலாம். முட்களை வரைந்து பார்த்தாலோ, மணியோசை மாடிக்குக் கேட்காததும், குறுகிய படிக்கட்டில் மூன்று வகுப்புகள் ஒரே நேரத்தில் இறங்குவதும் தெரியவரலாம் அல்லவா?

வேலையை அன்றாடம் செய்பவருக்கே அதன் குறை நன்கு தெரியும் என்று இஷிகாவா நம்பினார். 1962இல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கென ஓர் இதழ் தொடங்கப்பட்டது. அவர்கள் தம் கைக்காசில் வாங்கும்படி அதன் விலை குறைவாக இருக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அதைக் கூடிப் படித்த சிறு குழுக்களே தரவட்டங்களாக மலர்ந்து, பின்னர் பல நாடுகளுக்கும் பரவின. ஜப்பானியப் பொருள்களின் பெயரும் உலகெங்கும் உயர்ந்தது. 1952இல் டெமிங் பரிசும், 1982இல் அமெரிக்காவின் ஷூஹார்ட் பதக்கமும் அவரை நாடி வந்தன. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அவர் மறைந்தார்.

மனிதர் இயல்பில் நல்லவர். அவரை நம்பிப் பொறுப்பைத் தரவேண்டும் என்பதே இம்மேதையின் கொள்கை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆண்டவரோ எவர் மீதும் பழி சுமத்தவில்லை; அம்மனிதருக்குப் பார்வை அளித்தார். அன்புத் தோழியரே, அடுத்த முறை நம்மிடையே ஒரு தவறு நேரும்போது, சுட்டுவிரலை நீட்டுமுன் ஒரு மீனை வரைந்து பார்ப்போமாக!