முப்பது ஆண்டுப் பயணம்

(உரைநடை: வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்வோர் உண்டு. கல்வி தேடிச் செல்வோர் உண்டு. புதிய இடங்களைக் கண்டு மகிழச் செல்வோரும் உண்டு. தம் மக்களின் குறையை ஆட்சியாளரிடம் நேரில் எடுத்துரைப்பதற்காகவே இலண்டன் மாநகரை நோக்கிப் புறப்பட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவர் புறப்பட்ட ஆண்டு 1900. அந்நகரில் அவர் கால் வைத்த ஆண்டு 1930. இரட்டைமலை சீனிவாசன் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பள்ளி மணி ஒலிக்கும் வரை

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். அக்காலத்தில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களுள் ஒருவராக அவர் பிறந்தார். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொதுத் தெருவில் நடக்கவும், பிற பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கவும் அம்மக்களுக்குத் தடை இருந்தது.

சீனிவாசன் கோயம்புத்தூரில் தங்கிக் கல்வி பயின்றார். அங்குப் பயின்ற மாணவர் ஏறத்தாழ நானூறு பேர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமண மாணவர்கள். பிறரோடு நெருங்கிப் பழகினால் தம் குலமும் குடியிருக்கும் இடமும் வெளிப்பட்டுவிடும், அதனால் இழிவுபடுத்தப்பட நேரும் என்று இளம் சீனிவாசன் அஞ்சினார். ஆகவே, பள்ளி தொடங்கும் முன்பு வெளியே ஓரிடத்தில் தனியே அமர்ந்திருப்பார். மணி ஒலித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். வகுப்பு முடிந்ததும் எவரோடும் பேசாமல் விரைந்து வீடு திரும்புவார். விளையாட்டில் சேரவும் அவருக்கு வாய்ப்பு இருக்கவில்லை. இவற்றைத் தம் முதுமையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அவரே குறித்துள்ளார்.

இந்நிலையிலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்ச்சி பெற்றார். பின்னர் நீலகிரி மலையில் ஆங்கிலேயரின் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார்.

ஏட்டின் வழியே ஒரு குரல்

1890ஆம் ஆண்டு சீனிவாசன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பல ஊர்களுக்கும் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைக் கண்டறிந்தார். அவர்கள் ஒன்றுகூடித் தம் உரிமைகளைக் கேட்பதற்காகப் பறையர் மகாஜன சபையை நிறுவினார்.

1893ஆம் ஆண்டு அவர் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்குப் பறையன் என்றே பெயரிட்டார். பிறர் இழிவாக வழங்கிய பெயரை மறைக்க வேண்டுவதில்லை, அப்பெயரோடு தலைநிமிர்ந்து நின்றே உரிமை கேட்கலாம் என்பது அவருடைய எண்ணம். பள்ளியில் தம் குலத்தை மறைத்து வாழ்ந்த மாணவர், அதனையே தம் இதழின் தலைப்பில் அச்சிடும் துணிவு பெற்றவராக வளர்ந்திருந்தார். முதலில் திங்கள் இதழாகவும் பின்னர் வார இதழாகவும் அது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வெளிவந்தது.

அக்காலத்தில் இந்தியாவை ஆளும் உயர் அலுவலர்களைத் தெரிவு செய்யும் தேர்வு இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசுப் பேரியக்கம் கேட்டது. இந்தியர் பலர் உயர் பதவி பெற அது வழிசெய்யும் என்று அவ்வியக்கத்தார் கருதினர். சீனிவாசன் வேறுவகையாக எண்ணினார். கல்வி வாய்ப்பே பெறாத மக்கள் அத்தேர்வில் கலந்துகொள்ள இயலாது. ஆகவே, முன்பே ஓங்கி நிற்கும் வகுப்பாரே எல்லாப் பதவிகளையும் அடைவர். அவர்களுக்குக் கீழே தம் மக்கள் மேலும் துன்புறுவர் என்று அவர் அஞ்சினார். இக்கருத்தை விளக்கும் விண்ணப்பம் ஒன்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கையொப்பம் பெற்று, அதனை இலண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். இவ்வாறு, அவர் செல்வதற்குப் பல்லாண்டு முன்பே அவருடைய விண்ணப்பம் அந்நகரை அடைந்தது.

திசை மாறிய பயணம்

தாளில் எழுதி அனுப்புவதைவிட நேரில் சென்று கூறுவதே பயன் தரும் என்று சீனிவாசன் முடிவு செய்தார். 1900ஆம் ஆண்டு இதழை நிறுத்திவிட்டு இலண்டனுக்குப் புறப்பட்டார். ஆயினும் அவரால் அந்நகரை அடைய இயலவில்லை. வழியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கி வேலை பார்த்தார். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவை அடைந்து நேட்டால் பகுதியில் பணியில் அமர்ந்தார்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக 1860ஆம் ஆண்டு முதற்கொண்டு தமிழர்கள் கப்பல் கப்பலாக அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் மலையேறி வந்ததும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆகும். நேட்டாலின் நீதிமன்றங்களில் வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளி கூறுவது நீதிபதிக்கு விளங்காது. நீதிபதி கேட்பது தொழிலாளிக்கு விளங்காது. இருவருக்கும் இடையே நின்று ஒருவர் மொழியை மற்றவருக்குப் பெயர்த்துரைக்கும் பணியைச் சீனிவாசன் செய்தார். அந்நாளில் அங்கு வழக்கறிஞராக விளங்கிய காந்தியடிகளோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. காந்தியடிகள் தம் பெயரைத் தமிழில் கையொப்பமிடக் கற்றதற்குச் சீனிவாசன் துணைநின்றார் என்பர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் கழிந்தன. இலண்டனைக் காணாமலே அவர் தாயகம் திரும்பினார்.

தெருவைத் திறந்த தீர்மானம்

1923ஆம் ஆண்டு சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது பாலக்காடு, கேரள மாநிலத்தின் பகுதி அன்று. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, சென்னைச் சட்டமன்றம் இயற்றும் விதி பாலக்காட்டுத் தெருவுக்கும் பொருந்தும்.

1924ஆம் ஆண்டு அவர் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரிலும் நகரிலும் உள்ள பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவர் வேண்டுமானாலும் நடக்கலாம்; பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றுக்கு எவ்வகுப்பினரும் செல்லலாம்; அதற்குத் தடை கூறலாகாது என்பது அதன் சாரம். மன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. அரசும் அதற்கேற்ப ஆணை பிறப்பித்தது.

ஆணை பிறந்தவுடன் வழி திறந்துவிடவில்லை. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த் திருவிழா நடைபெற்றபோது, அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர் முதலிய மக்கள் தடுக்கப்பட்டனர். பூசல் மூண்டது. அதே ஆண்டில், திருவிதாங்கூர் அரசில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் அறப்போர் நடந்துகொண்டிருந்தது. இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. இவ்வாறு, தெருவில் நடக்கும் உரிமை இப்பகுதி முழுவதிலும் கேட்கப்பட்ட காலம் அது.

இலண்டனில் முதல் நாள்கள்

இந்தியாவுக்கு எத்தகைய ஆட்சிமுறை வேண்டும் என்று ஆராய்வதற்காகப் பிரிட்டிஷ் அரசு இலண்டனில் வட்டமேசை மாநாட்டைக் கூட்டியது. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். மற்றவர் இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கருக்கு அப்போது வயது 39. அவர் இலண்டனில் பயின்றவர், அந்நகரை நன்கறிந்தவர். சீனிவாசனுக்கோ வயது 71. இலண்டன் அவருக்குப் புதிது. ஒருவரது தாய்மொழி மராத்தி. மற்றவரது தாய்மொழி தமிழ். இருவரும் ஒரே கோரிக்கையைச் சுமந்து சென்றனர்.

உரோமானியர் காலத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் தோன்றிய இலண்டன், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உடையது. 1930ஆம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. 1863ஆம் ஆண்டிலிருந்தே அங்கு நிலத்தடியில் தொடர்வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நிலக்கரிப் புகையும் பனியும் கலந்த மூடுபனி குளிர்காலத்தில் தெருக்களை மறைக்கும். மாநாடு கூடியதும் அத்தகைய குளிர்காலத்திலேயே ஆகும்.

1930ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பிரபுக்கள் அவைக்குரிய அரச மண்டபத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். பின்னர், செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் கூட்டங்கள் தொடர்ந்து நடைபெற்றன. முடிமன்னர்களும் செல்வர்களும் சட்டவல்லுநர்களும் அமர்ந்த அவையில், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் சார்பாளர் இருவரும் சம இருக்கையில் அமர்ந்தனர். இருவரும் இணைந்து ஒரு கோரிக்கை அறிக்கையை அளித்தனர். சமக் குடியுரிமை வேண்டும். அவ்வுரிமையைத் தடுப்போருக்குத் தண்டனை வேண்டும். சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் போதிய இடம் வேண்டும் என்பன அதில் அடங்கியிருந்தன.

மாநாட்டு உறுப்பினர்களுக்கு மன்னர் வின்சர் கோட்டையில் விருந்தளித்தார். அங்குச் சீனிவாசனைக் கண்ட மன்னர், தீண்டாமை என்பது யாது என வினவினார். நீண்ட விளக்கம் எதனையும் சீனிவாசன் கூறவில்லை. ஒடுக்கப்பட்டவர் ஒருவர் தெருவில் விழுந்துவிட்டாலும், உயர்வகுப்பார் எனப்படுவோர் அவரைத் தொட்டுத் தூக்கமாட்டார் என்று மட்டும் எடுத்துரைத்தார். மன்னர் திடுக்கிட்டார், தம் ஆட்சியில் அவ்வாறு நிகழ விடலாகாது என்று கூறினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நேரில் கூற எண்ணிப் புறப்பட்ட செய்தியை, சீனிவாசன் அன்று நேரிலேயே கூறினார்.

பயணத்தின் பயன்

1931ஆம் ஆண்டு நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் சீனிவாசன் கலந்துகொண்டார். அம்மாநாட்டுக்குக் காந்தியடிகளும் வந்திருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று அம்பேத்கரும் சீனிவாசனும் கேட்டனர். காந்தியடிகள் அதனை ஏற்கவில்லை. நேட்டாலில் பழகிய இருவரும் இலண்டனில் எதிரெதிர்க் கருத்துடையவராக அமர நேர்ந்தது. 1932ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு தனித்தொகுதியுடன் 71 இடங்களை வழங்கியது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அதன்பின் ஏற்பட்ட பூனா உடன்படிக்கையின்படி தனித்தொகுதி கைவிடப்பட்டது. ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆக உயர்ந்தன. அவ்வுடன்படிக்கையில் சீனிவாசனும் கையொப்பமிட்டார்.

1939ஆம் ஆண்டு அவர் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கி எழுதி வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவர் மறைந்த நான்கு ஆண்டுகளுக்குப் பின் உருவான இந்திய அரசமைப்புச் சட்டம், 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. கிணறு, குளம், சாலை, பொதுவிடம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவருக்கும் தடை இல்லை என்று 15ஆம் பிரிவு கூறுகிறது. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் கேட்டவையும் இவையே. இன்று கல்பாத்தித் தேரோடும் தெருவில் யாவரும் நடக்கின்றனர்.

சொல்லும் பொருளும்

ஏடு – இதழ்
விண்ணப்பம் – வேண்டுகோள் மடல்
தாயகம் – பிறந்த நாடு
சாரம் – உட்கருத்து
பூசல் – சண்டை
சார்பாளர் – பிறருக்காகப் பேச வந்தவர்
உண்ணாநோன்பு – உண்ணாமல் இருக்கும் அறப்போர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சீனிவாசன் பள்ளி மணி ஒலித்த பின்னரே வகுப்புக்குள் சென்றது ஏன்?
2. நேட்டால் நீதிமன்றத்தில் அவர் செய்த பணி யாது?
3. சென்னைச் சட்டமன்றத்தின் விதி பாலக்காட்டுக்கும் பொருந்தியது எவ்வாறு?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. உயர் அலுவலர் தேர்வு குறித்துக் காங்கிரசு இயக்கத்தாரும் சீனிவாசனும் கொண்டிருந்த கருத்துகளை ஒப்பிடுக. உங்கள் கருத்தையும் எழுதுக.
2. மன்னரின் வினாவுக்குச் சீனிவாசன் அளித்த விடை சுருக்கமானதாயினும் வலிமையானது. இதனை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
1. கையொப்பம்  2. தாய்மொழி  3. மூடுபனி  4. நிலக்கரி

ஈ. கால வரிசைப்படுத்துக.
பூனா உடன்படிக்கை – இதழ் தொடக்கம் – பொதுத் தெருத் தீர்மானம் – வின்சர் கோட்டை விருந்து – தென்னாப்பிரிக்கப் பணி

உ. செயல்திட்டம்
உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இவ்வூருக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.