கஸ்பார் மோன்ஜ்

கஸ்பார் மோன்ஜ் (மே 9, 1746 – ஜூலை 28, 1818) ஒரு பிரெஞ்சுக் கணிதவியலாளரும் பொறியியல் ஆசிரியரும் ஆவார். முப்பரிமாணப் பொருள்களைத் தட்டையான தாளில் துல்லியமாக வரைந்து காட்டும் விளக்க வடிவியல் என்னும் துறையை உருவாக்கியவர் இவர். உருட்டி வளைத்த தகடுகளால் ஆன குழாய், கொதிகலன், சேமிப்புக் கலன் ஆகியவற்றை விரித்து வரையும் முறைக்கு இத்துறையே அடிப்படையாகும்.

இளமைக் காலம்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் நகரில் ஒரு சிறு வணிகரின் மகனாக மோன்ஜ் பிறந்தார். போன் நகரிலும் பின்னர் லியோன் நகரிலும் கல்வி பயின்றார். 1764ஆம் ஆண்டில் தமது ஊரை அளந்து பெரிய அளவிலான வரைபடம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு வேண்டிய அளவைக் கருவிகளையும் தாமே செய்துகொண்டார். இவ்வரைபடத்தைக் கண்ட பொறியியல் படை அதிகாரி ஒருவர், மெசியேர் நகரின் அரச இராணுவப் பொறியியல் பள்ளிக்கு இவரைப் பரிந்துரைத்தார். ஆனால் அங்கு அதிகாரிகளுக்கான வகுப்பு உயர்குடியினருக்கே உரியதாக இருந்தது. வணிகரின் மகனான மோன்ஜுக்கு வரைவாளர் பணி மட்டுமே கிடைத்தது.

இரகசியமாக்கப்பட்ட முறை

எதிரியின் சுடுதளத்திலிருந்து பார்த்தால் கோட்டையின் உட்பகுதி மறைந்திருக்குமாறு மதில்களை அமைப்பது அக்காலப் பொறியாளர்களின் முக்கியச் சிக்கலாகும். இதற்கு நீண்ட எண்கணிதக் கணக்குகள் தேவைப்பட்டன. மோன்ஜ் அக்கணக்குகளைத் தவிர்த்து, வரைதல் மூலமாகவே விடையைக் கண்டார். இவ்வளவு விரைவில் முடிக்க இயலாது என்று கருதிய அதிகாரி முதலில் அதைச் சரிபார்க்கவே மறுத்தார். பின்னர் சோதித்தபோது விடை சரியாக இருந்தது. இம்முறை உடனே ஏற்கப்பட்டதுடன் இராணுவ இரகசியமாகவும் அறிவிக்கப்பட்டது. எனவே இதைப் பள்ளிக்கு வெளியே கற்பிக்கவோ அச்சிடவோ மோன்ஜுக்கு இயலவில்லை. 1769இல் இவர் அப்பள்ளியின் கணிதப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

இம்முறையில் ஒரு பொருளின் வீழல்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் வரையப்படுகின்றன. பின்னர் ஒரு தளத்தை மற்றதன் மீது மடித்து இரண்டும் ஒரே தாளில் காட்டப்படுகின்றன. தளத்திற்குச் சாய்வாக உள்ள கோடு வீழலில் குறுகித் தோன்றும். அதைத் தளத்திற்கு இணையாகும்படி சுழற்றினால் அதன் உண்மை நீளம் கிடைக்கும்.

விரிக்கத்தகு மேற்பரப்புகள்

நீட்சியோ சுருக்கமோ இன்றித் தட்டையாக விரிக்கக்கூடிய மேற்பரப்புகளைப் பற்றி ஆய்லர் 1772இல் எழுதினார். மோன்ஜின் ஆய்வு 1780இல் வெளிவந்தது. நேர்கோடுகளால் ஆன எல்லா மேற்பரப்புகளும் விரிக்கத்தக்கவை அல்ல என்பதை இவர் தெளிவாக்கினார். ஒவ்வொரு கோட்டின் நெடுகிலும் தொடுதளம் மாறாதிருந்தால் மட்டுமே மேற்பரப்பை விரிக்க முடியும். உருளையும் கூம்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. கோளத்தை இவ்வாறு விரிக்க இயலாது என்பது 1827இல் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படுகிறது. கோளக் கலன்களைப் பல இதழ்களாகப் பிரித்து, அழுத்தி வடிவமைப்பதற்குக் காரணம் இதுவே.

கணினி உதவி வடிவமைப்பு மென்பொருள்களும் இதே வடிவியலையே பின்பற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, அடி ஆரம் 300 மி.மீ., சாயுயரம் 500 மி.மீ. கொண்ட கூம்பை விரித்தால் 216 பாகைக் கோணமுள்ள வட்டக்கோணப்பகுதி கிடைக்கும். ஆனால் தகட்டுக்குத் தடிமன் உண்டு. வளைக்கும்போது உட்புறம் சுருங்கி வெளிப்புறம் நீளும். இடையில் நீளம் மாறாத படலம் ஒன்று இருக்கும். பெரிய ஆரத்தில் உருட்டும்போது இது தடிமனின் நடுவில் உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. உள்விட்டம் 1000 மி.மீ., தடிமன் 10 மி.மீ. உள்ள உருளைக்கு 1010 மி.மீ. விட்டத்தைக் கொண்டு கணக்கிட, தகட்டின் நீளம் ஏறத்தாழ 3173 மி.மீ. ஆகும். உள்விட்டத்தை மட்டும் கொண்டால் தகடு 31 மி.மீ. குறைந்துவிடும்.

பல தகடுகளால் ஆன கலனை முழுமையாக ஒரே விரிப்பாகப் பெற இயலாது. அதை இணைப்புக் கோடுகளில் பிரித்து, ஒவ்வொரு தகட்டையும் தனியாக விரிக்க வேண்டும். ஒரு குழாய் மற்றொரு குழாயில் பொருந்தும் இடத்தில் முதலில் அவை வெட்டிக்கொள்ளும் வளைகோட்டைக் கண்டறிய வேண்டும். துணைத் தளங்களைக் கொண்டு இக்கோட்டைப் புள்ளி புள்ளியாகக் கண்டறிவது மோன்ஜ் கற்பித்த பயிற்சிகளுள் ஒன்று.

புரட்சிக் காலம்

பிறப்பால் தடைகளைச் சந்தித்த மோன்ஜ் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார். 1792 ஆகஸ்ட் முதல் 1793 ஏப்ரல் வரை கடற்படை அமைச்சராக இருந்தார். பின்னர் பீரங்கி உற்பத்தியில் ஈடுபட்டு, அக்கலையை விளக்கும் நூலை எழுதினார். 1794இல் தொடங்கப்பட்டுப் பின்னர் எக்கோல் பாலிடெக்னிக் எனப் பெயர் பெற்ற பள்ளியின் நிறுவனர்களுள் இவர் முக்கியமானவர். 1795இல் பாரிசில் ஆசிரியர்களுக்கு நடத்திய விரிவுரைகளில் விளக்க வடிவியலை வெளிப்படையாகக் கற்பித்தார். இவ்வாறு கால் நூற்றாண்டுக்கு மேலாக மறைத்து வைக்கப்பட்டிருந்த முறை பொதுக் கல்வியாயிற்று. விரிவுரைகள் 1799இல் நூலாக வெளிவந்தன. எக்கோல் பாலிடெக்னிக்கில் பயின்ற குளோட் குரோசே இதனை அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார்.

இறுதிக் காலம்

1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற மோன்ஜ், கெய்ரோவில் அமைந்த எகிப்து ஆய்வுக் கழகத்தின் தலைவரானார். பாலைவனத்தில் தோன்றும் கானல்நீருக்கு ஒளியியல் விளக்கமும் அளித்தார். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பிறகு மன்னராட்சி மீண்டபோது, 1816இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்.

மோன்ஜ் 1818இல் பாரிசில் காலமானார். எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள அரசு அனுமதி மறுத்தது. அடுத்த நாள் அவர்கள் கல்லறைக்குச் சென்று தங்கள் ஆசிரியருக்கு அஞ்சலி செலுத்தினர். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் இவருடையதும் ஒன்று. 1989இல் இவரது உடல் எச்சங்கள் பாரிசின் பாந்தியோன் நினைவிடத்திற்கு மாற்றப்பட்டன.