வில்லியம் மாரிஸும் கரிய எழுத்தும்

விழாக் காலத்தில் நம் விடுதிச் சுவர்களில் ஒட்டப்படும் தாள்களைப் பாருங்கள். தலைப்பெல்லாம் தடித்த கொட்டை எழுத்து. அதன் ஓரங்கள் தேய்ந்தும் சிதைந்தும் இருக்கும். பழைய அச்சுக்கூடத்தில் அடித்தெடுத்தது போன்ற தோற்றம். உண்மையில் அது கணினியில் நேற்றுப் பிறந்த எழுத்து. இளமையிலேயே முதுமை வேடம் போடுவானேன்? இந்தக் கேள்வியோடு அச்சுக்கலை நூல்களைப் புரட்டியபோதுதான், ஆங்கில நாட்டு அறிஞர் வில்லியம் மாரிஸின் வாழ்க்கை என்னைப் பற்றி இழுத்தது.

மாரிஸ் 1834ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் செல்வக் குடியில் பிறந்தார். சமயப் பணிக்கு ஆயத்தமாக ஆக்ஸ்போர்டு சென்றவர், அங்கே கலையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அங்கு வாய்த்த நண்பர் எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ், பின்னாளில் பெரும் ஓவியர் ஆனார். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. 1861இல் மாரிஸ் நண்பர்களோடு கூடி ஒரு நிறுவனம் தொடங்கினார். சுவர்த்தாள், திரைச்சீலை, கம்பளம், வண்ணக் கண்ணாடி என்று வீட்டை அழகுசெய்யும் பொருள்கள் பலவும் காலப்போக்கில் அங்கே உருவாயின. எந்தத் தொழிலையும் தம் கையால் கற்ற பிறகே பிறரைச் செய்யச் சொல்வது அவர் வழக்கம். அவுரிச் சாயத் தொட்டியில் கைவிட்டு, நீலம் படிந்த கைகளோடு திரிந்த முதலாளி அவர்!

அழகிய பொருள்களை வாங்குவோர் செல்வரே என்பது அவர் நெஞ்சை உறுத்தியது. உழைப்பவன் வீட்டில் அழகு நுழையாதா? 1883இல் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார். 1885இல் இயக்கத்திற்காக ஓர் இதழைத் தொடங்கி, தம் பணத்தையும் அதில் கொட்டினார். தெருமுனைகளில் நின்று பேசினார். 1887 நவம்பர் 13ஆம் நாள் டிரபால்கர் சதுக்கத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தைக் காவலர் அடித்துக் கலைத்தபோது, அதில் அவரும் இருந்தார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் மாலை, அண்டை வீட்டு நண்பர் எமரி வாக்கர் அச்சுக்கலை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பழைய நூல்களின் எழுத்துகளைப் படம்பிடித்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மாரிஸ் வியந்து போனார். அந்நாளைய புத்தக எழுத்துகளோ மெலிந்தவை. வெளிறிய மையில் சாம்பல் பூத்துக் கிடந்தவை. திரையில் கண்டவை கருத்து, திரண்டு, உயிரோடு நின்றன. தாமே எழுத்து வடிக்க வேண்டும் என்ற வேட்கை அவரிடம் மூண்டது.

வெனிஸ் நகரில் நிக்கொலாஸ் ஜென்சன் 1476இல் அச்சிட்ட நூலின் பக்கங்களை வாக்கர் படம்பிடித்துப் பெரிதாக்கித் தந்தார். மாரிஸ் அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் வரைந்து பழகினார். வடிவங்கள் கைவசமான பிறகு, மூலத்தை விலக்கிவிட்டுத் தம் எழுத்தை வரைந்தார். எட்வர்டு பிரின்ஸ் அதை எஃகு அச்சாணிகளில் வெட்டினார். ஜென்சனுடைய எழுத்தைவிடத் தடிப்பான அந்த எழுத்துக்குக் 'கோல்டன்' என்று பெயர்.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கைப்பொறியில் ஈய எழுத்து ஈரத்தாளில் அழுந்தும்போது மை சற்றே பரவும், ஓரம் சொரசொரக்கும். பழைய நூல்களின் சொரசொரப்பு யாரும் பூசிய ஒப்பனையன்று. தாளும் மையும் கையும் கூடி உழைத்த தடம் அது.

1891இல் ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகம் பிறந்தது. கையால் செய்த தாளை கென்ட் மாவட்டத்திலிருந்தும், கெட்டியான கரிய மையை ஜெர்மனியின் ஹனோவரிலிருந்தும் வரவழைத்தார். 'டிராய்', 'சாசர்' என்று மேலும் இரண்டு எழுத்துகளை வடித்தார். சாசரின் படைப்புகளைத் திரட்டி, பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு அச்சிட்டார். அப்பெருநூல் 1896இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், 62ஆம் வயதில் மாரிஸ் மறைந்தார்.

அந்த நூலின் தாள் பதிப்பு 425 படிகளே. விலை 20 பவுன். அன்றைய கூலியாளுக்குப் பல வார ஊதியம். ஏழைக்காகத் தெருவில் பேசியவர், செல்வர் மட்டுமே வாங்கத்தக்க நூலைச் செய்தார். இம்முரண் அவர் வாழ்நாளில் தீரவில்லை. அதை மூடி மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. ஆயினும், மலிவுக்காக உழைப்பையும் அழகையும் கொல்ல அவர் மறுத்தார் என்பதையும் மறக்கலாகாது.

எழுத்து மட்டும் வேலி தாண்டியது. 1893இல் அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் நிறுவனம் அவர் எழுத்தைப் போலவே ஒன்றை வார்த்து, 'ஜென்சன் ஓல்டுஸ்டைல்' என்று விற்றது. அது விளம்பரங்களில் பரவிற்று. நூலில் அமர்ந்து படிக்கப் பிறந்த கரிய எழுத்து, கடைவீதியில் கூவப் போயிற்று. இன்று கணினியில் அதன் வடிவங்கள் உள்ளன. சிலவற்றில் மை பரவிய ஓரங்களையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

மாரிஸ் எழுத்தைத் தடிப்பாக்கியது கூச்சலுக்காக அன்று. படிப்பவன் கண்ணுக்குத் துணையாக. உரக்கக் கத்துவது வேறு. தெளிவுறப் பேசுவது வேறு. ஆகவே நண்பர்களே, கொட்டை எழுத்தைத் தாராளமாகக் கையாளுங்கள். நாடகத்திற்கோ பழம்பொருட் காட்சிக்கோ சிதைந்த ஓரம் அழகுதான். நாளும் நேரமும் இடமும் சொல்லும் வரிகளுக்கு அதைப் பூட்டாதீர்கள். அவற்றைத் தெளிந்த எழுத்தில் விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எழுத்துக்குப் பின்னே சொல்லத்தக்க செய்தி ஒன்று இருக்கட்டும். செய்தி மெலிந்திருந்தால், எழுத்தைப் பருக்கவைத்துப் பயன் என்ன?