சுரங்கத்தில் குருவியைக் காவல் வைத்த டாக்டர்

வேல்ஸ் நாட்டில் டைலர்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1896-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஒரு நாள் அதிகாலை, அந்தச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் மாண்டார்கள்.

வெடியில் சிக்கித்தான் செத்தார்கள் என்று ஊரார் நினைத்தார்கள். உடல்களைச் சோதிக்க வந்த டாக்டர் அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலான உடல்களில் சாகும்படியான காயமே இல்லை. தோல் மட்டும் ரோஜா நிறமாக இருந்தது.

அந்த நிறத்தின் ரகசியம் டாக்டருக்குத் தெரியும். ஏன் தெரியும்? அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் அந்த விஷத்தைத் தாமே குடித்துப் பார்த்திருந்தார்!

அவர் பெயர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

நள்ளிரவில் கதவைத் தட்டியவர்

ஹால்டேன் 1860-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம். அண்ணன் ரிச்சர்டு பிற்காலத்தில் இங்கிலாந்தின் யுத்த மந்திரியானார். தம்பி டாக்டருக்குப் படித்து, 1884-ல் பட்டம் பெற்றார்.

ஆனால் நாடி பார்த்துப் பணம் சேர்க்க அவர் போகவில்லை. டண்டி நகரில் ஏழைகள் வாழும் சந்துகளுக்குப் போனார். நடுநிசிக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டுவார். பலர் நெருக்கிப் படுத்திருக்கும் அறையின் காற்றைப் புட்டியில் பிடித்துவந்து சோதிப்பார். நாம் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது? இந்த ஒரு கேள்விதான் அவருக்கு வாழ்நாள் முழுவதும் வேலை கொடுத்தது.

தம் உடம்பிலேயே சோதனை

பிறகு ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை ஆராய்ந்தார்.

இது பொல்லாத வாயு. நிறம் கிடையாது; மணமும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை எரித்தால் வீட்டுக்குள்ளேயே உண்டாகும். நம் ரத்தம் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் இராது. மனிதன் மயங்குவான், அப்படியே சாவான். அவன் ரத்தம் மட்டும் பளிச்சென்று சிவந்திருக்கும்.

1895-ல் ஹால்டேன் இந்த வாயுவைக் காற்றில் கலந்து சுவாசித்தார். நடுநடுவே தம் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து நிறத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. கால் தள்ளாடியது. பார்வை மங்கியது. ரத்தத்தில் பாதி அளவுக்கு விஷம் ஏறிய பிறகே நிறுத்தினார்!

அதே காற்றை ஒரு சுண்டெலியும் சுவாசித்தது. டாக்டருக்குத் தலை சுற்றுவதற்கு நெடுநேரம் முன்பே எலி சுருண்டுவிட்டது. சிறிய பிராணி வேகமாக மூச்சு விடும். விஷமும் வேகமாக ஏறும்.

டைலர்ஸ்டவுனில் அவருக்கு இது கை கொடுத்தது. பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல. வெடித்த பிறகு பரவிய வாயு என்று அறிக்கை எழுதினார். மீட்கப் போகிறவர்கள் சின்னப் பிராணி ஒன்றை உடன் கொண்டுபோகும்படி யோசனை சொன்னார். எலியைவிடக் கேனரிக் குருவியே நல்லது என்று பிறகு தெரிந்தது. எலி மூலையில் சுருண்டால் இருட்டில் யார் கண்டது? குருவி தள்ளாடி விழுந்தால் உடனே தெரியும். மனிதர்கள் வெளியே ஓடிவர நேரம் இருக்கும்.

குருவி பாவம்தான். பிற்காலத்தில் கூண்டிலேயே சிறு ஆக்சிஜன் சிலிண்டர் பொருத்தினார்கள். விழுந்த குருவி பிழைத்துக்கொள்ளும்.

மகனும் தப்பவில்லை

டாக்டர் தம் சிறு மகனையும் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார். ஓரிடத்தில் எழுந்து நின்று, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அந்தோணி பேசும் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் கொஞ்சம் பேசினான்; மூச்சு இரைத்தது; கால் மடங்கிக் கீழே விழுந்தான். தரையில் கிடந்ததும் தெளிந்துவிட்டான். மீத்தேன் வாயு காற்றைவிட லேசானது, மேலேதான் நிற்கும் என்பது அவனுக்கு ஆயுளுக்கும் மறக்கவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்ல இப்படியும் ஒரு வழியா என்று தாய்மார்கள் கேட்பார்கள்!

அந்தப் பையன்தான் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

1915-ல் ஜெர்மானியர் போர்க்களத்தில் விஷ வாயு விட்டபோது, அது குளோரின் என்று கண்டு சொன்னவர்களில் தந்தையும் ஒருவர். முகமூடி செய்வதற்காக மறுபடியும் விஷத்தைச் சுவாசித்தார். 1936 மார்ச்சில், 75-வது வயதில், ஆக்ஸ்போர்டில் இறந்தார். சாவதற்குச் சிறிது காலம் முன்புகூட, எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள் வெப்பத்தால் மடிவது ஏன் என்று பார்க்கப் பாரசீகம் போய்வந்தார்.

குருவிக்கு ஓய்வு

இங்கிலாந்துச் சுரங்கங்களில் கேனரிக் குருவிகள் 1986 வரை வேலை பார்த்தன. அந்த ஆண்டு, மின் கருவிகள் வருவதால் குருவிகளுக்கு ஓய்வு என்று அறிவித்தார்கள்.

வீடுகளில் வாயுக் கசிவைக் காட்டும் கருவியை ஜப்பானியர் தாகுச்சி 1962-ல் உருவாக்கினார். அதில் இருப்பது டின் ஆக்சைடு, அதாவது வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். அதைச் சூடாக்கி வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலே ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடு வந்தால் அந்த ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ளும். தடை குறையும், மின்சாரம் கூடும், மணி அடிக்கும்.

இன்று விஞ்ஞானிகள் அந்த டின் ஆக்சைடைத் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்களாகச் செய்கிறார்கள். துகள் சிறுக்கச் சிறுக்க, வாயு வந்து படும் இடம் பெருகும். மிகச் சொற்பமான விஷத்தையும் கருவி கண்டுகொள்ளும்.