வேலியை உடைத்தவர்களுக்கு ஒரு முகாம்

எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1860ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது குடும்பம் கனடாவில் குடியேறியது. தந்தையார் மிகவும் கண்டிப்பானவர். வீட்டில் கிடைக்காத நிம்மதியைச் சீட்டன் டொரொண்டோ நகரின் டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேடினார். அங்கே பறவைகளைப் பார்த்துப் பழகினார். யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு குடிலும் கட்டிக்கொண்டார். பின்னர் ஓவியராகவும் எழுத்தாளராகவும் பெயர் பெற்றார்.

1893ஆம் ஆண்டு இறுதியில், நியூ மெக்சிகோவில் கால்நடைகளைக் கொன்றுவந்த ஓநாய்களை ஒழிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. லோபோ என்ற தலைமை ஓநாய் நஞ்சு கலந்த இறைச்சியைத் தொடவில்லை. புதைத்து வைத்த பொறிகளையும் கண்டறிந்து விலகியது. இறுதியில் சீட்டன் அதன் இணையைக் கொன்று, அந்த மோப்பத்தைப் பயன்படுத்திப் பொறி வைத்தார். இணையைத் தேடி வந்த லோபோ சிக்கியது. மறுநாள் காலையில் இறந்து கிடந்தது. வேலை முடிந்தது, மகிழ்ச்சிதான் வரவில்லை. 1898இல் வெளிவந்த நூலில் அவர் அக்கதையை ஓநாயின் பக்கம் நின்று எழுதினார்.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் சீட்டன் நிலம் வாங்கி வேலி அமைத்தார். அதுவரை அங்கே சுதந்திரமாகத் திரிந்த ஊர்ச் சிறுவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் வேலியை உடைத்தனர், நுழைவாயிலில் கிறுக்கினர். வேறு யாராக இருந்தாலும் காவல்துறையைத்தான் நாடியிருப்பார்கள். சீட்டனோ உள்ளூர்ப் பள்ளிக்குச் சென்று, அதே சிறுவர்களைத் தம் நிலத்தில் முகாமிட அழைத்தார். 1902ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

அவர் அவர்களைக் கண்டித்து அறிவுரை கூறவில்லை. இரவில் தீ மூட்டி, அமெரிக்கப் பழங்குடியினரின் கதைகளைச் சொன்னார். தங்கள் தலைவனைச் சிறுவர்களே தேர்ந்தெடுத்தனர். விதிகளையும் தாங்களே காத்தனர். விலங்குகளின் தடம் அறிதல், பறவைகளையும் மரங்களையும் இனங்காணுதல் போன்ற திறன்களுக்கு இறகு பரிசாகக் கிடைத்தது. பிறரை வென்றால் கிடைப்பதன்று அந்த இறகு. குறித்த தரத்தை எட்டிய எவரும் அதனைப் பெறலாம். நேற்று வேலியை உடைத்த கைகளுக்கு இன்று அதே காட்டில் பொறுப்பு வந்தது. சேதம் நின்றது. முகாம்கள் தொடர்ந்தன, பிற ஊர்களிலும் இத்தகைய குழுக்கள் உருவாயின.

1906ஆம் ஆண்டு சீட்டன் பேடன் பவலைச் சந்தித்தார். தம் முகாம் கையேட்டையும் அவருக்கு அளித்திருந்தார். இன்று நம் பள்ளிகளில் இயங்கும் சாரணர் இயக்கத்தில் அந்தக் கையேட்டின் சாயல் உண்டு. 1910இல் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் முதல் தலைமைச் சாரணராகச் சீட்டன் பொறுப்பேற்றார். ஆனால், இயக்கம் காட்டைவிட்டு இராணுவப் பயிற்சியின் பக்கம் சாய்வதாக அவர் கருதினார். கருத்து வேறுபாடு முற்றி, 1915இல் விலகினார்.

முதுமையில் அவர் குடியேறிய இடம் நியூ மெக்சிகோ. லோபோ வாழ்ந்த அதே மாநிலத்தில், 1946ஆம் ஆண்டு அவர் காலமானார்.