பெண்மனம் பேச வைத்த பேனா

பெரியோர் வாழ்வைப் படிப்பது பெருமை பேசுவதற்காக அன்று. நம் வாழ்வை அளந்து பார்ப்பதற்காக என்பார்கள். ஆனால் அத்தகைய நோக்கம் எதனோடும் நான் இக்கட்டுரையின் தலைவரைத் தேடிச் செல்லவில்லை. என் பாட்டி கேட்ட ஒரு கேள்வியே என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில் இருக்கின்றது. அல்சூர் ஏரிக்கு நடந்தே சென்றுவிடலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருக்குழாயடியில் கலந்து ஒலிக்கும் இடம் அது. சென்ற ஆண்டு ஒரு மாலையில், வகுப்பிற்காக ஒரு பிரெஞ்சு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அருகே முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, இத்தனை பெரிய புத்தகத்தில் என்னதான் கதை என்று கேட்டார். குஸ்தாவ் ஃப்ளோபேர் எழுதிய ‘மதாம் பொவாரி’யின் கதையைச் சொன்னேன்.

எம்மா ஓர் உழவரின் மகள். கன்னிமாடத்தில் படித்த நாளில் காதற் கதைகளைக் கற்று, வாழ்வும் அப்படியே இருக்கும் என்று நம்பியவள். அவளுக்கு வாய்த்தவர் ஒரு சிற்றூர் மருத்துவர். நல்லவர், ஆனால் அவள் உள்ளத்தை அறியாதவர். கனவு கண்ட வாழ்வு ஒன்று. கையில் கிடைத்த வாழ்வு மற்றொன்று. ஆடவர் இருவரை நம்பி ஏமாந்தாள். வணிகன் ஒருவனிடம் கடனில் மூழ்கினாள். முடிவில் நஞ்சுண்டு மாண்டாள்.

பாட்டி காம்பைக் கிள்ளியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் தப்பே செய்திருந்தாலும் அவள் மனத்தை எழுத அந்த ஊரில் ஓர் ஆள் இருந்தான். நம் பெண்களின் மனத்தை நம் ஊரில் எவராவது எழுதினார்களா என்று. பதினான்கு வயதில் மணமாகி, வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இந்தத் தெருவிற்கு வந்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என்னிடம் விடை இல்லை. எம்மாவை அறிந்த எனக்கு என் மொழியில் அவளுடைய உடன்பிறந்தாள் ஒருத்தி இருக்கின்றாளா என்பது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் ஏரிக்கரையிலுள்ள தமிழ்ச் சங்க நூலகத்திற்குச் சென்றேன். அங்கேதான் அ. மாதவையாவைக் கண்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்பது ஓர் ஊர். அவ்வூரில் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், அந்தணர் குடியில் மாதவையா பிறந்தார். திருநெல்வேலியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அறிஞர் வில்லியம் மில்லர் அக்கல்லூரியின் தலைவராக விளங்கிய காலம் அது. ஆங்கில இலக்கியம் மாணவர் உள்ளங்களில் புதுவெள்ளமாய்ப் பாய்ந்த காலமும் அதுவே. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயரும் 1872-இல் பிறந்து அதே கல்லூரியிற் பயின்றவர் என்பது நாம் நினைத்து மகிழத்தக்க ஒற்றுமை. தமிழ் நாவலின் தொட்டிலை ஆட்டிய கைகளில் இரண்டு, ஒரே கல்லூரியிற் பயின்ற மாணவர் கைகள்!

1892-ஆம் ஆண்டு சி. வி. சுவாமிநாத ஐயர் ‘விவேக சிந்தாமணி’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அவ்விதழில் மாதவையா ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் தொடர்கதையை எழுதலானார். அப்போது அவருக்கு வயது இருபது. நண்பர்களே, நம் வயது! தமிழில் முதல் நாவலாகிய வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நாவல் என்பது இன்னதென்று தமிழர் நன்கு அறியாத காலத்தில், இருபது வயது இளைஞர் ஒருவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன? அரசர் கதையா? மாயாசாலமா? இல்லை. தம் குலத்தில், தம் வீட்டு அடுக்களையில், புகையோடு புகையாக அழுதுகொண்டிருந்த சிறுமிகளின் கதை.

அக்காலத்து நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். பூப்பெய்துமுன் பெண்ணை மணம் முடித்துவிட வேண்டும் என்பது அந்தணர் குடிகளில் மாறாத வழக்கம். கணவன் இறந்தாலோ, பத்து வயதுக் குழந்தையும் கைம்பெண்தான். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. சாத்திரம் வீட்டில் இருந்தது. மணமான பெண்ணோடு கூடி வாழ்வதற்கு உரிய வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கே நாடெங்கும் எதிர்ப்புப் புயல் எழுந்தது. அப்புயல் அடங்குமுன், அடுத்த ஆண்டே, மாதவையா எழுதத் தொடங்கினார்.

தொடர்கதை நடுவிலேயே நின்றுபோயிற்று. ஆயினும் அவர் அதை மறக்கவில்லை. பதினோர் ஆண்டுகள் சென்றபின், 1903-ஆம் ஆண்டில், அது முழுமை பெற்று ‘முத்துமீனாட்சி’ என்னும் நூலாக வெளிவந்தது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லவேண்டும். ‘மதாம் பொவாரி’யும் ஓர் இதழில் தொடராக வந்த கதைதான். ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்து ஃப்ளோபேர் எழுதிய அந்நாவல், 1856-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பாரிசு நகரத்து இதழ் ஒன்றில் வெளிவந்தது. இதழாசிரியர்களே அஞ்சிச் சில பகுதிகளை வெட்டினர். அப்படியும் அரசு விடவில்லை. ஒழுக்கத்தைக் கெடுக்கும் எழுத்து என்று ஆசிரியரை வழக்கு மன்றத்தில் நிறுத்தியது. 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இங்கே கைம்பெண் மறுமணச் சட்டம் பிறந்த அதே 1856-ஆம் ஆண்டில்தான் அங்கே எம்மா பிறந்தாள் என்பதை எண்ணும்போது மெய் சிலிர்க்கின்றது.

ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் கூற வரவில்லை. இருவர் வழியும் வேறு. ஃப்ளோபேர் தம்மை முற்றும் மறைத்துக்கொண்டு, கண்ணாடிபோல் நின்று, எம்மாவைக் காட்டினார். இரக்கமும் சொல்லவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. மாதவையாவோ கதையை அப்பெண்ணின் வாயிலேயே கொடுத்துவிட்டார். முத்துமீனாட்சி தன் கதையைத் தானே சொல்கின்றாள். அறியா வயதில் நடந்த திருமணம், மாமியார் வீட்டுக் கொடுமை, துணையாக நில்லாத கணவன், இளமையிலேயே வந்த கைம்மை ஆகிய அனைத்தையும் நான், எனக்கு, என்னை என்று ஒரு பெண் சொல்லக் கேட்கின்றோம். வீட்டில் பெண் வாய்திறப்பதே குற்றம் என்றிருந்த நாளில், அச்செழுத்தில் அவளைப் பேச வைத்ததே ஒரு புரட்சி அன்றோ?

முடிவிலும் வேற்றுமை உண்டு. எம்மா இறக்கின்றாள், முத்துமீனாட்சி மறுமணம் செய்துகொண்டு வாழ்கின்றாள். அவள் வாழ்ந்ததுதான் வைதிகர்களுக்குப் பொறுக்கவில்லை. நூலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அங்கே, தவறிய பெண்ணைத் தூற்றாமல் எழுதியது குற்றமாயிற்று. இங்கே, தவறே செய்யாத பெண்ணை வாழ வைத்தது குற்றமாயிற்று! நீதிமன்றத்து எதிர்ப்பு ஒரு தீர்ப்போடு முடியும். உற்றார் உறவினரின் எதிர்ப்போ நாள்தோறும் வாசற்படியில் நிற்கும். தம் குலத்தின் குறையைத் தாமே எடுத்துரைத்த மாதவையா, அந்த இரண்டாவது வகை எதிர்ப்பைத் தாங்கியவர்.

குறையே இல்லாத நூல் என்று சொல்லமாட்டேன். கதையை நிறுத்திவிட்டுச் சீர்திருத்தம் பேசும் இடங்கள் உண்டு. கலைத்திறனில் ஃப்ளோபேரின் சிற்பநுட்பம் அதில் இல்லை. ஆயினும் தீப்பற்றிய வீட்டில் நின்று கூவுபவனிடம் இசைநயம் எதிர்பார்ப்பது முறையாகுமா?

வயிற்றுப் பிழைப்பிற்கு மாதவையா ஏற்றது உப்பு, கலால் துறை. எழுத்துக்கும் அத்துறைக்கும் என்ன உறவு? எனினும் அலுவலை முடித்து எழுதிக்கொண்டேயிருந்தார். ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதற்பகுதி 1898-இலும் இரண்டாம் பகுதி 1899-இலும் வந்தன. கணவன் மனத்திற் புகும் ஐயம் ஓர் இல்லறத்தை எப்படி அரிக்கின்றது என்பதை அதிற் காணலாம். ஆங்கிலத்தில் எழுதிய ‘தில்லை கோவிந்தன்’ முதலில் 1903-இல் வெளிவந்து, 1916-இல் இலண்டன் பதிப்பும் கண்டது. 1915-இல் வந்த ‘கிளாரிந்தா’, பதினெட்டாம் நூற்றாண்டில் உண்மையாகவே வாழ்ந்த ஒரு மராட்டிய அந்தணக் கைம்பெண்ணின் கதை. உடன்கட்டையிலிருந்து காக்கப்பட்டு, கிறித்தவராகி, பாளையங்கோட்டையில் கோயில் எழுப்பிய பெருமாட்டி அவர். குசிகர் என்ற புனைபெயரில் இந்து நாளிதழில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதினார். அவை 1924-இல் ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என்று தமிழிலும் வந்தன. குழந்தை மணம், வரதட்சிணை, கைம்மை ஆகிய மூன்றையும் அவர் பேனா விட்ட பாடில்லை.

பணிக்காலம் முடியுமுன்னரே வேலையை விட்டு விலகி, மயிலாப்பூரில் குடியேறினார். சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழைத் தொடங்கினார். ஓய்வூதியக்காரர் ஊஞ்சலில் ஆடும் வயதில், எழுத்துக் கோக்கும் அச்சுக்கூடத்தில் உழைத்தவர் அவர்.

இனிச் சொல்லப்போவது, மாணவர்களாகிய நாம் மறக்கவே கூடாத நிகழ்ச்சி. 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவை கூடியிருந்தது. உறுப்பினராகிய மாதவையா எழுந்தார். பி. ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று வாதாடினார். பேசி முடித்து அமர்ந்தார். அமர்ந்தவர் எழவில்லை. அம்மன்றத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆங்கிலத்தில் நாவல் எழுதி இலண்டன் வரை பெயர் பெற்றவர், இறுதி மூச்சைத் தமிழுக்காகச் செலவிட்டார்!

பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை. அவர் மக்களுள் ஒருவரான அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானார், நாவலும் எழுதினார். மற்றொரு மகனான மா. கிருஷ்ணன் காட்டுயிர்களை எழுதியும் படம்பிடித்தும் புகழ் பெற்று, 1996-இல் மறைந்தார். எழுத்து அக்குடும்பத்தில் சொத்தாகவே இறங்கியது போலும்.

இப்போது என் பாட்டியிடம் திரும்புகின்றேன். ‘முத்துமீனாட்சி’யை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, மாலைதோறும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பள்ளியில் நான் கற்றவை கன்னடமும் ஆங்கிலமும். தமிழெழுத்தைத் தனியே கற்றுக்கொண்டவன். எனவே தட்டுத் தடுமாறித்தான் படித்தேன். பழைய சொற்கள் வரும்போது நான் திணறுவேன். எழுத்தறியாத பாட்டி பொருள் சொல்லுவார். மாமியார் வீட்டுப் பகுதி வந்த நாளில், போதும் நிறுத்து என்றார். சிறிது நேரம் சென்றபின், இந்தத் தெருவிற்கு வந்த முதலாண்டைப் பற்றிப் பேசினார். கிணற்றடியில் அழுதது, ஊருக்குப் போகக் கேட்டு அடி வாங்கியது, படிப்பை விட்ட ஏக்கம் என ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எங்களில் எவரிடமும் அவர் சொன்னதில்லை. எங்களில் எவரும் கேட்டதுமில்லை. அவர் குலம் வேறு, காலம் வேறு. முத்துமீனாட்சியின் குலம் வேறு, காலம் வேறு. ஆனால் ஒரு பெண் பேசியதைக் கேட்டு மற்றொரு பெண் பேசினார்.

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. மாதவையா பெண்மனத்தைப் பேச வைத்ததற்கும், தமிழைப் பட்டப்படிப்பில் வைக்கச் சொல்லி உயிர்விட்டதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. படித்தவன் அறிந்த மொழி ஒன்றாகவும், அவன் வீட்டுப் பெண் அழும் மொழி வேறாகவும் இருந்தால், அவள் துயரம் அவன் செவிக்கு எட்டாது. நான் எம்மாவை அறிந்தேன். என் பாட்டியை அறியவில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்மாவை எனக்குத் தந்தது ஆங்கிலம் அன்றோ? நாம் வாழும் மண்ணின் மொழியாகிய கன்னடமும் நமக்கு வேண்டும். ஆனால் பாட்டியிடம் செல்லும் வழி தமிழ்.

மாணவ நண்பர்களே! இருபது வயதில் மாதவையா தம் அடுக்களையை எட்டிப் பார்த்தார். ஓர் இலக்கியம் பிறந்தது. நம் வீடுகளிலும் ஒரு முத்துமீனாட்சி கீரை ஆய்ந்துகொண்டிருக்கக் கூடும். இன்று மாலை வீடு திரும்பியதும், அவர் அருகில் அமர்ந்து, அவர் மொழியில் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிவையுங்கள். அதுவே மாதவையாவுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.